மாதிரி வீட்டில் காய்ச்சிய பால்

புது வீட்டுக்குள் நுழைந்ததும் நம் வயதுக்காரர்கள் என்ன செய்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? சிலர் குழாயைத் திறந்து பார்க்கிறோம். சிலர் கூரை மூலையில் ஈரம் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்க்கிறோம். நான் சுவரைத் தட்டுகிறேன். விரல் முட்டியால் இரண்டு தட்டு. சிமெண்டுக் கலவையில் எழுந்த சுவர் வெடுக்கென்று பதில் சொல்லும். மண்ணைக் குழைத்துக் கட்டி மேலே மட்டும் பூசின சுவர், தொண்டை கட்டினவர் பேசுவதுபோல் ஒரு தாழ்ந்த குரலில் சொல்லும். போன மாதம் சிநேகிதி ஒருத்தியின் புதுமனை புகுவிழாவில் நான் தட்டுவதைப் பார்த்துவிட்டு, "கொத்தனார் பொண்ணு புத்தி போவுதா பாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அடுப்படியில் பால் பொங்கியது, எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் வெளியே வந்து, செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் என்று உங்களிடம் சொல்லலாம். எழுபதுகளின் கடைசியில் ஒன்பது, பத்து வயதில் இருந்தவர்களுக்குப் பொருட்காட்சி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முறம் அகலத்துக்கு அப்பளம். ராட்டினத்து அச்சில் உருகும் கிரீஸ் வாசனை. டியூப் லைட்டில் மோதி மோதிக் கீழே விழும் ஈசல். ஒலிபெருக்கியில், காணாமல்போன பிள்ளைகளின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு சலித்த குரல். எங்கள் ஊரில் அது கார்த்திகை தீபத்தை ஒட்டி வரும். அந்த வருடம் வேங்கிக்கால் போகிற ரோட்டோரம் மல்லாட்டை, நிலக்கடலைதான், பிடுங்கின கொல்லை ஒன்றைச் சமன்படுத்திக் கொட்டகை போட்டார்கள். கலெக்டர் ஆபீசெல்லாம் அங்கே வராத காலம். வேலிமுள்ளும் காற்றும்தான்; மேற்கே தலையைத் திருப்பினால், நாங்கள் சாமியாகவே கும்பிடும் மலை.

அந்தப் பொருட்காட்சிக்குள் ஒரு வீடு கட்டினார்கள். துணியும் தட்டியும் வைத்து அல்ல, செங்கல்லால். 'நவீன மாதிரி வீடு' என்று பலகை வைத்தார்கள். கட்டினது என் அப்பா.

ஐப்பசித் தூறல். பள்ளி விடுமுறை நாள்களில் அப்பாவுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவது என் வேலை. முதல் நாள் போனபோது அப்பா தரையிலேயே செங்கல் வரிசையை வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு விசித்திரமாக இருந்தது. எந்த வேலைக்குப் போனாலும் முதலில் இடுப்பளவு பள்ளம் தோண்டித்தான் பார்த்திருக்கிறேன். அஸ்திவாரத்தை எங்கள் பக்கம் கடக்கால் என்போம். பள்ளத்தில் அப்பாவின் தலை மட்டும் தெரிய, நான் மேலே உட்கார்ந்து வாளியைக் கயிறு கட்டி இறக்கின நாள்கள் உண்டு.

"கடக்கால் எடுக்கலையாப்பா?"

"இதுக்கு வேணாம் பாப்பா. காட்சி முடிஞ்சா இடிச்சிடற வூடுதான்."

கலவைத் தொட்டியில் கையை விட்டேன். சிமெண்டு இல்லை. செம்மண்ணும் தண்ணீரும்தான், பிசைந்த கேழ்வரகு மாவுபோல. நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா கரணையைக் கீழே வைத்தார்.

"மேல சிமெண்டுதான் பூசப் போறோம். தெரியாது. இதெல்லாம் அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத, இன்னா?"

தலையாட்டினேன். அந்த வயதில், அப்பா நம்மிடம் மட்டும் ஒன்றைச் சொல்லி வைப்பது எவ்வளவு பெரிய பரிசு! அதை எங்கே வைத்துப் பூட்டுவது என்று தெரியாமல் ரோடு முழுக்க ஓடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு என்று சொல்லிவிட்டேன். அது ஒரு போர்ஷன். ஒரே அறை. மூலையில் அடுப்பு, எதிர் மூலையில் படுக்கைச் சுருட்டு, நடுவில் நாங்கள். வீட்டுக்காரம்மா முன்கட்டில் இருந்தார். கிணற்றில் அம்மா மூன்றாவது குடம் இறக்கினால் அவருடைய இருமல் கேட்கும். அந்த ஐப்பசியில் ஒருநாள் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து சொன்னார்: "தையில எம்பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்மா. அந்த ரூம்பு எங்களுக்கு வேணும். இப்பவே வேற எடம் பார்த்துக்கோங்க. அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது." அம்மா புள்ளி வைத்த கையை எடுக்காமல் "சரிங்கம்மா" என்றாள். கோலத்தை முடிக்கவில்லை.

மாதிரி வீட்டுக்குப் படம் போட்டவர் மெட்ராஸிலிருந்து வந்த ஓர் இளம்பெண். வெட்டின முடி, முழுக்கால் சட்டை, காதிடுக்கில் பென்சில். நாங்கள் மெட்ராஸ் அக்கா என்போம். அவர் வரைந்த வீட்டில் தூண் இல்லை, ஓடு இல்லை, சாய்வு இல்லை. மேலே தட்டையாக ஒரு கோடு, அவ்வளவுதான் கூரை. உண்மையில் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஒளிந்திருந்தது. ஒரு சுவர் மஞ்சள், ஒரு சுவர் நீலம். சுவரிலிருந்து இழுத்தால் வரும் சாப்பாட்டுப் பலகை. மடித்தால் மறுபடி சுவர். மலையைப் பார்த்த பக்கம் சுவரே இல்லை, முழுக்கக் கண்ணாடி. அடுப்படியில் இடுப்புயரத்துக்குச் சாம்பல் நிறக் கல்மேடை. அதில் வெள்ளித் தலை வைத்த ஒரு குழாய். திருகினால் தண்ணீர் வரும். பின்பக்கம் மேடை போட்டு டிரம் வைத்து, ஓர் ஆள் தினமும் ஊற்றுகிற தண்ணீர். ஆனால் வரும்.

திறப்பு விழாவுக்கு நாலு நாள் முன்னால், பொருட்காட்சி வேலையை மேற்பார்த்த இன்ஜினீயருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆள் இல்லாத வீட்டைப் பார்த்தால் ஜனங்களுக்குக் கடைச் சாமான் மாதிரி தெரியும். ஒரு குடும்பத்தை உள்ளே உட்கார வைத்தால்? பகல் பதினொன்றிலிருந்து விளக்கு வைத்த பிறகு கூட்டம் கலைகிறவரை குடும்பம் உள்ளே புழங்க வேண்டும். மெட்ராஸ் அக்கா எங்களைக் கைகாட்டினார். கட்டினவருக்குத்தான் அந்த உரிமை என்று அவர் நினைத்தாராம்.

அம்மா முடியவே முடியாது என்றாள். "ஆட்டி வைக்கற கொரங்கா நானு? வர்றவன் போறவன்லாம் நான் சோறு பொங்கறத வேடிக்கை பார்ப்பானா?"

அப்பா துண்டை உதறி உதறி மடித்தார். பிறகு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "முடிஞ்சதும் அந்த வீட்ட யாருக்காவது குடுத்துடுவாங்களாம்மே. உள்ள இருந்தவங்களுக்குத்தான் மொதல்லனு இன்ஜினீயர் சொன்னாரு."

அம்மா அவரையே பார்த்தாள். "மெய்யாலுமா?"

"சொன்னாரே."

நான் படுக்கைச் சுருட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். கடக்கால் எடுக்காத வீட்டை யார் யாருக்குக் கொடுப்பார்கள்? நான் சுருட்டின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

ஆக, கார்த்திகை பிறந்ததும் நாங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டோம். அம்மாவிடம் இருந்த இரண்டு நல்ல புடவைகளும் மாறி மாறி. எனக்கும் தம்பிக்கும் பள்ளி விட்டதும் நேரே அங்கே. மடக்குப் பலகையில் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பதுபோல் உட்கார வேண்டும். நான் நிஜமாகவே படித்துவிட்டேன், அந்த வருடம் கணக்கில் முதல் மார்க். தம்பிக்கு ஐந்து வயது. இரண்டாம் நாளே குளியலறையில் பளபளவென்று இருந்த பீங்கானில், எந்தக் குழாயோடும் சேராத அந்த மாதிரிப் பீங்கானில், உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டான். இன்ஜினீயர் தலையில் கை வைத்தார். ஜனங்களோ, "பரவால்ல, வேலை செய்யுது" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

கயிறு கட்டி விட்டிருந்த வழியில் வரிசை நகரும். சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள். எல்லாருக்கும் ஒரு கேள்வி இருந்தது.

"ஏம்மா, நெல்லு மூட்டைய எங்க போடுவீங்க?"

"அம்மி எங்க? நின்னுக்கினேவா அரைப்ப?"

"நின்னுக்கினு சமைச்சா கால் நோவாது?"

"குந்திக்கினு சமைச்சா இடுப்பு நோவுதே, அதுக்கு இது கம்மிதாங்க," என்றாள் அம்மா. கூட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். முதல் மூன்று நாள் தலை நிமிராதவள், நாலாம் நாள் முதல் தானே குழாயைத் திறந்து காட்டினாள். "இங்க பாருங்க, சேந்த வேணாம்." தண்ணீர் அவள் விரல்மேல் விழும்போது ஒரு கணம் ஜனங்களை மறந்துவிடுவாள். அந்த முகத்தை அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் பார்க்கவில்லை.

கண்ணாடிச் சுவர்தான் தொல்லை. மலை நேரே தெரிந்ததும் வரிசையில் வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் தரையில் விழுந்து கும்பிட்டார். யாரோ கண்ணாடியடியில் சூடம் ஏற்றிவிட்டார்கள். "வெடிச்சிடும்யா, வெடிச்சிடும்!" என்று ஓடிவந்த இன்ஜினீயரைப் பார்த்து, "சாமிய உள்ள வச்சி நீதானப்பா கட்டியிருக்க," என்றார் பெரியவர். மெட்ராஸ் அக்கா அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது. இந்த மாதிரி நூறு வீடு, ஆயிரம் வீடு வரப் போகிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். எங்களைப் போட்டோ எடுத்தார். அனுப்புகிறேன் என்று விலாசம் எழுதிக்கொண்டார். அந்த விலாசத்தில்தான் நாங்கள் நிலைக்கவில்லையே.

அம்மாவுக்கு ஒரே குறை. அந்த வீட்டில் வாசற்படி இல்லை. உள்தரை அப்படியே வெளித்தரையாக ஓடியது. பெருக்கித் தள்ளச் சுலபம், குழந்தை தடுக்கி விழாது என்று அக்கா சொன்னார்.

"அதெல்லாம் சரிதாங்க மேடம். வெள்ளிக்கிழமை எங்க மஞ்சா பூசறது? லட்சுமி வந்து எங்க நிப்பா?"

மறுநாள் நாங்கள் போனபோது வாசலில் ஒரு வேப்பம்பலகை பதிந்திருந்தது, இரண்டு விரல் உயரத்துக்கு. அப்பா விடிகாலையில் வந்து பதித்துவிட்டுப் போயிருந்தார், யாரையும் கேட்காமல். அக்கா குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். தன் படத்திலும் பென்சிலால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டார். அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். வரிசையில் வந்த பெண்கள் அதைத் தாண்டும்போது தாமாகவே வலது காலை முன்வைத்தார்கள்.

தீபத்தன்று சாயங்காலம் ஒரு ஜனம் உள்ளே இல்லை. எல்லாரும் வெளியே கொல்லையில் மலையைப் பார்த்து நின்றார்கள். ராட்டினம் நின்றுவிட்டது. ஒலிபெருக்கி வாயை மூடியிருந்தது. நாங்கள் நாலு பேர் மட்டும் அந்த நீண்ட அறையில், விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். கண்ணாடியில் அம்மா தெரிந்தாள், பக்கத்தில் அப்பா, இடுப்பில் தம்பி. உச்சியில் நெருப்பு ஏறினபோது அது அவர்கள் இரண்டு பேர் தோளுக்கும் நடுவில் ஒரு பொட்டாக நின்றது. வெளியே அரோகரா எழுந்து கண்ணாடி அதிர்ந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அது எங்கள் வீடாக இருந்தது. என்னைக் கேட்டால், என் வாழ்நாளில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு வீடு இருந்தது.

அம்மா திரும்பாமல் கேட்டாள்: "இன்ஜினீயரக் கேட்டீங்களா?"

"கேக்கறேன்."

"மார்கழி வந்துட்டா எதுவும் பண்ண முடியாது. தைக்குள்ள அந்தம்மா காலி பண்ணச் சொல்லுது."

"கேக்கறேம்மே."

இப்போது நினைத்தால் அம்மா அன்றைக்கு அவருக்கு ஒரு வாய்ப்பைத் திறந்து வைத்திருக்கிறாள் என்று தெரிகிறது. பத்து வயதில் எனக்கு அது தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததா என்று கேட்க அப்பா இல்லை.

கார்த்திகையின் கடைசி வெள்ளி. விடிந்தும் விடியாமலும் அம்மா என்னை எழுப்பினாள். அப்பா ஏரிப் பக்கம் போயிருந்தார். அவருடைய சட்டைப் பையிலிருந்து மாதிரி வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒரு கூடையில் படி அரிசி, உப்பு, மஞ்சள்கிழங்கு, துவரம்பருப்பு, காமாட்சி விளக்கு, பித்தளைப் பாத்திரம், ஒரு செம்பில் பால். இன்னொரு கையில் திரி ஸ்டவ். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டாள். நான் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் தளும்பித் தளும்பிப் பாவாடை நனைய, பின்னாலேயே போனேன். காவலுக்கு இருந்தவர் "இன்னாம்மா இந்நேரத்துக்கு?" என்றார். "வெள்ளிக்கிழமைங்க, கோலம் போடணும்" என்றாள்.

காட்சிக்கு வைத்திருந்த கேஸ் அடுப்பில் கேஸ் கிடையாது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, திரி ஸ்டவ்வைச் சாம்பல் கல்மேடையில் வைத்துப் பற்றவைத்தாள். மண்ணெண்ணெய் வாசனை அந்த வீட்டுக்குள் முதல் தடவையாக ஏறியது. பித்தளைப் பாத்திரம், கழுத்தில் மஞ்சள். பாலை ஊற்றிவிட்டுக் கை கட்டி நின்றாள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம்: பால் காய்ச்சிவிட்டால் அது குடிவந்த வீடு. அதற்கப்புறம் இருக்கிறவர்கள் சம்மதம் இல்லாமல் அதில் ஒரு செங்கல்லை எடுப்பதுகூடப் பாவம். குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள்.

பால் விளிம்புக்கு வந்தது. தயங்கியது. பிறகு கிழக்குப் பக்கமாகப் பொங்கி மேடைமேல் வழிந்து, சுவரடியில் போய்த் தேங்கியது. நீலச் சுவரில் வெள்ளையாக ஒரு நாக்கு. அம்மா அதைத் துடைக்கவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அம்மா, இதுக்குக் கடக்கால் இல்லம்மா. நாலே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் வாசலில் நிழல்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். தலையில் முண்டாசு, மூச்சு வாங்கியது. படிக்கு வெளியேயே நின்றார்.

"இன்னா பண்ற?"

"பால் காய்ச்சினேன். உள்ள வாங்க. குடிங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர் டிரம்மிலிருந்து எங்கோ சொட்டுகிற சத்தம். அவர் செருப்பைக் கழற்றினார், வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தார், அம்மா நீட்டின டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி நின்றபடியே குடித்தார். அம்மா அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சக்கரை கம்மி," என்றார் அப்பா.

மார்கழி முதல் வாரம் பொருட்காட்சி முடிந்தது. மெட்ராஸ் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்றார். மூன்றாம் நாள் காலையில் அப்பா கடப்பாரையைத் தோளில் வைத்தார். அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"வேலைக்கு."

"எந்த வேலைக்கு?"

அப்பா கடப்பாரையைத் தோள் மாற்றினார். வீட்டுக்காரம்மாவின் சன்னல் மெதுவாகத் திறந்தது.

"பால் காய்ச்சின வூடுங்க அது."

"தெரியும்மே," என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார். அம்மா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரே வீச்சில் ரோடுவரை கொட்டினாள்.

நான் புத்தகப் பையோடு புறப்பட்டு, பள்ளிக்குப் போகாமல் பொருட்காட்சிக் கொல்லைக்குப் போனேன். கொட்டகைகள் எல்லாம் போய், குச்சி நட்ட ஓட்டைகள் மட்டும் இருந்தன. கண்ணாடியை வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றியாகிவிட்டது. கூரைத் தகடும் இறங்கிவிட்டது. வேலிமுள் மறைவில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்கள் மஞ்சள் சுவரைக் கடப்பாரையால் குத்தினார்கள். இரண்டு குத்துக்கு ஒரு பாளம் விழுந்தது. உள்ளே செம்மண். "த்தூ, இன்னாய்யா இது, மாவுருண்டையாட்டம் உதிருது" என்று ஒருவன் சிரித்தான்.

அப்பா அடுப்படிச் சுவரருகே நின்றார். கடப்பாரையைத் தரையில் படுக்க வைத்திருந்தார். சாரத்தில் ஏறி, உச்சி வரிசையிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாகக் கையால் அசைத்து எடுத்தார். மண்ணைத் தட்டினார். இறங்கி வந்து அடுக்கினார். மறுபடி ஏறினார்.

மேஸ்திரி கத்தினார்: "யோவ், இன்னா மாமியா ஊட்டுச் செவுத்த தடவிக்கினு இருக்க! மூணு மணிக்கு லாரி போவணும்."

"இந்த ஒரு செவுரு நான் பாத்துக்கறேன். நீங்க அந்தாண்ட போங்க."

"பைத்தியம்யா உனக்கு."

அப்பா வைத்த வரிசைக்கு நேர் தலைகீழாக எடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மேடைக்குப் பக்கத்தில், பால் வழிந்த நாலைந்து செங்கல் மட்டும் நின்றது. அவற்றின் முன்னால் குந்தினார். வெகுநேரம் அவற்றைத் தொடவில்லை. பிறகு வெறும் கையால் பூச்சைப் பெயர்த்து, ஒவ்வொன்றாக எடுத்து, தலைத் துண்டை அவிழ்த்து அதன்மேல் வைத்தார். வாசற்படிப் பலகையையும் அதோடு சேர்த்தார். ஏரிப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது துண்டு மட்டும் ஈரமாகத் தோளில் கிடந்தது.

சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தபோது பத்து விரலும் கிழிந்திருந்தது. நக இடுக்கில் செம்மண்ணும் ரத்தமும் ஒரே நிறம். அம்மா சோற்றுத் தட்டை வைத்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சுவரிடம் சொன்னாள்: "கடப்பாரை புடிச்ச கை. புண்ணாவாம இன்னா பண்ணும்."

அப்பா சாப்பிட்டார். உப்பு பட்டு எரிந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்குப் போகாதது தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்ல இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது. அப்பா என்னிடம் பொய்யைக் காக்கச் சொல்லிவிட்டு அம்மா கையால் பாலும் வாங்கிக் குடித்தாரே, அந்தக் கோபம். அவருக்குக் கொஞ்சம் வலிக்கட்டும் என்று இருந்தது. நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது. பிள்ளைகளுக்கு நாளை என்பது கொல்லை மாதிரி, எவ்வளவு தூரம் நடந்தாலும் மிச்சம் இருக்கும்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் நேரே பேசவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. சோறு சரியாக வந்தது, துணி வெளுத்து வந்தது. "உங்கப்பாவ குளிக்கச் சொல்லு." "உங்கப்பாவுக்கு எண்ணெய் வேணுமான்னு கேளு." தையில் பெரியப்பா வீட்டுப் பின்னால் ஓர் அறைக்கு மாறினோம்; அப்புறம் ஆசிரமத்துப் பக்கம் ஒரு வீடு, அங்கே வெள்ளைக்காரர்களுக்கு விட்டால் வாடகை ஜாஸ்தி வரும் என்று கிளப்பினார்கள்; அப்புறம் தேரடிப் பக்கம். எந்த வீட்டுக்குள்ளும் அம்மா பால் காய்ச்சவில்லை. சாமானை இறக்கிவிட்டு நேரே உலை வைப்பாள். எண்பதுகளின் பிற்பகுதியில், நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது, சிமெண்டுத் தூசி அப்பாவின் நெஞ்சை அடைத்தது. கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்டாள்: "உங்கப்பாவுக்குத் தண்ணி வேணுமா கேளு." அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

போன மாதம், அந்தப் புதுமனை விழாவிலிருந்து திரும்பின மதியம். அம்மா என் வீட்டில்தான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, ஆனாலும் முறத்தில் அரிசியை வைத்து விரலாலேயே கல் பொறுக்குவாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கிருந்து வந்ததோ, சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்த மாதிரி வீட்டுக்குக் கடக்கால் இல்லம்மா. மண்ணுல கட்டினது. எனக்கு அப்பவே தெரியும்."

அம்மா கல்லைத் தேடுவதை நிறுத்தவில்லை. "எனக்குந்தான் தெரியும்."

"உனக்கா?"

"கொத்தனார் பொண்டாட்டிடி நானு. மொதநாளே செவுத்தத் தட்டிப் பார்த்தேன். தொண்ட கட்டினாப்புல கேட்டுது."

"தெரிஞ்சா அப்புறம் ஏம்மா பால் காய்ச்சின?"

அரிசியை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "இடிக்கத்தான் போறாங்கோன்னு தெரியும். எவனோ வந்து இடிச்சிட்டுப் போவட்டும். பால் காய்ச்சின வூட்டு மேல உங்கப்பா கடப்பாரைய வைப்பாரா மாட்டாரான்னு பார்த்தேன். அவ்ளோதான். வச்சிட்டாரு."

சன்னலுக்கு வெளியே பேருந்து ஒன்று போய் மறைந்தது.

"வைக்கலம்மா."

"இன்னாது?"

"நான் பார்த்தேன். அன்னிக்கு ஸ்கூலுக்குப் போகல, அங்கதான் இருந்தேன். மேஸ்திரி கத்துறாரு, இவரு கடப்பாரையத் தொடவே இல்ல. அடுப்படிச் செவுத்த மேலருந்து ஒவ்வொரு கல்லா வெறுங்கையால எடுத்தாரு. பால் பட்ட கல்லையும் வாசப்படியையும் துண்டுல வச்சி ஏரியில கொண்டுபோய் விட்டாரும்மா."

முறம் மடியிலேயே சாய்ந்தது. அரிசி மெல்லச் சரிந்து தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா அதைப் பிடிக்கவில்லை. மங்கின கண்ணை என் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"அதான் வெரலெல்லாம் அப்படி இருந்துதா?"

"ஆமாம்மா."

பிறகு, என்னிடம் இல்லை, எதிர்ச் சுவரிடமும் இல்லை, அந்த இரண்டுக்கும் நடுவில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்கே சொல்லியிருந்தன்னா, கை நோவுதான்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேனேடி."